எஞ்சின் புதுப்பித்தலும் மெய்யான சிக்கனமும்

வாடகை வண்டியோட்டி வாழ்வார்க்கு மோட்டார் வண்டி வெறும் ஊர்தியன்று. உழவனுக்கு ஏர்மாடு எத்தகையதோ அத்தகையது. அவ்வண்டி நீலப்புகை கக்கி, எண்ணெயை விழுங்கி, மேட்டில் ஏறமாட்டாது இளைத்து நிற்குமாயின், அவன் வீட்டு அடுப்பும் உடன் தணியும். அந்நிலையிற் பட்டறைக்குச் செல்வோன் பெரும்பாலும் கடன்பட்ட பணத்தோடே செல்கின்றான். “பிஸ்டனை மாற்றிச் சிலிண்டரை ஹோனிங் செய்தாற் போதும், குறைந்த செலவில் முடிந்துவிடும்” என்னுஞ் சொல் அவன் செவிக்கு அமிழ்தாகின்றது. அச்சொல் எப்பொழுது மெய்யாகும், எப்பொழுது பொய்யாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக அம்பாசடர் வண்டியைக் கொள்வோம். 1957ஆம் ஆண்டு முதல் செய்யப்பெற்றுவந்த அவ்வண்டியின் உற்பத்தி, வங்கத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் அதனைப் பேணி ஓட்டுவார் இன்றும் உளர். அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள. புதிதாயிருந்த காலத்து ஒவ்வொன்றின் குறுக்களவு ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் மேலுங் கீழுமாய் இயங்குந் தொலைவு ஏறத்தாழ 89 மில்லிமீட்டர்.

இச்சிலிண்டர் எவ்விடத்தும் ஒருபடித்தாகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சியை அடைந்து ஒருகணம் நின்று திரும்புமிடத்தில் வெப்பம் மிகுதி. எரிவாயுவின் அழுத்தம் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மெல்லிது. ஆதலின் மேல்ரிங்கு உராயும் அவ்விடமே மிகத் தேய்கின்றது. அதற்கு மேலே ரிங்கு தீண்டாத சிறுபகுதி தேயாது வரம்புபோல் எழுந்து நிற்கும். அடிப்பகுதியிலுந் தேய்வு சிறிதே. மேலும், பிஸ்டன் பக்கவாட்டிற் சாய்ந்து அழுத்துவதனால், வட்டமாயிருந்த துளை நாளடைவில் நீள்வட்டமாகின்றது.

இத்தேய்வு கண்ணுக்குப் புலப்படாத அளவினதேயாயினும், அதனால் விளையுங் கேடு பெரிது. ரிங்கின் இருமுனைகட்கு நடுவே, இவ்வளவினதாகிய சிலிண்டருக்கு, ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் இடைவெளி விடுவர். துளையின் மேற்பகுதி பத்திலொரு மில்லிமீட்டர் மட்டுமே அகன்றதெனக் கொள்க. அப்பொழுது சுற்றளவு அதனினும் மும்மடங்குக்குச் சற்று மேலாக மிகுமன்றோ? எனவே கால் மில்லிமீட்டராயிருந்த இடைவெளி அரை மில்லிமீட்டரைக் கடந்துவிடும். பிஸ்டன் ஏறியிறங்குந்தோறும் ரிங்கு விரிந்து சுருங்கும். வாயு கீழே கசியும். எண்ணெய் மேலே ஏறும். வரம்பை நீக்காது புதுரிங்கை இட்டால், அஃது அதன்மீது மோதி உடைதலுங் கூடும். புதுப்பிஸ்டனும் அகன்ற துளையில் ஆடி, பக்கத்தில் மோதி ஓசையெழுப்பும்.

இனி, ஹோனிங் செய்வதென்ன? சாணைக்கற்களைச் சுழற்றியும் மேலுங் கீழும் இயக்கியும், மழமழப்பேறிய சுவரிற் குறுக்கு நெடுக்கான நுண்கீறல்களை அஃது உண்டாக்குகின்றது. அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். புதுரிங்கு விரைவிற் படிந்துகொள்ளும். இஃது இன்றியமையாத தொழிலே. ஆயின், வளைந்து கொடுக்குங் கைக்கருவி கோணிய துளையின் வழியே தானும் சென்று அதனை மினுக்குமேயன்றி நேராக்கமாட்டாது. தேய்வு எல்லை கடந்தவிடத்து, முதலிற் போரிங், பின்னரே ஹோனிங் என்பது முறை. அதற்கென ஓரங்குலத்தின் ஆயிரத்திற் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு மிகுந்த பிஸ்டன்கள் வகுக்கப்பெற்றுள்ளன. அப்பிஸ்டன்களை முன்னரே வாங்கி அளந்து, அவற்றிற்கேற்பத் துளையை அமைத்தல் நன்று.

“ஏழைக்கு இத்துணை நுட்பம் எதற்கு? ஓராண்டு ஓடினாற் போதாதோ?” என வினவுவாரும் உளர். அவர் கூற்றில் இரக்கமுண்டு, கணக்கில்லை. செல்வன் ஒருமுறை பணமிழப்பின் மறுமுறையும் எஞ்சினைப் பிரிப்பான். ஏழைக்கோ அம்மறுமுறை இல்லை. ஆதலின் அளவுகோல் மிகுதியும் வேண்டப்படுவது ஏழையின் பணத்திற்கேயாம்.

அளத்தலினாற் செலவு மிகுமென்பதும் பிழை. டயல் கேஜினால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூவிடத்தும், ஒவ்வோரிடத்தும் இருதிசையிலுமாக அளப்பின், நான்கிற்கும் 24 அளவுகளே. தேய்வு எல்லைக்குட்பட்டதாயின், பழைய பிஸ்டன்களும் நல்லனவாயின், ரிங்கு மாற்றமும் ஹோனிங்குமே அமையும். புதுப்பிஸ்டனின் விலை மிஞ்சும். அதற்கும் முன்னர், எஞ்சினைப் பிரியாமலே அழுத்தத்தைச் சோதித்து, சிலிண்டருள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டுஞ் சோதித்தல் வேண்டும். அழுத்தம் உயருமாயின் குற்றம் ரிங்கிலோ சிலிண்டரிலோ உளதெனலாம். உயராதாயின் வால்வுகளை நோக்குக. வால்வின் வழிகாட்டிக் குழல் தேய்ந்தாலும் நீலப்புகை எழுமாதலின், புகை கண்ட மாத்திரத்தே பிஸ்டனைப் பழித்தல் தகாது.

பணமின்றிச் செய்யத்தக்க பணியே பலவிடத்துக் கைவிடப்படுகின்றது. ஹோனிங் முடிந்தபின் சாணைத்தூள் கீறல்களுள் ஒளிந்திருக்கும். பெட்ரோலாற் கழுவினால் அது முற்றும் நீங்காது. வெந்நீருஞ் சோப்புங் கொண்டு தேய்த்துக் கழுவி, வெள்ளைத்துணியால் துடைத்து, துணி கறைபடாதவரை மீண்டும் மீண்டுங் கழுவி, உடனே எண்ணெய் பூசல் வேண்டும். இதனை ஒழித்தால், எஞ்சிய தூள் புதுரிங்கையும் பேரிங்கையும் அரைத்துவிடும். ஒரு மணிநேர உழைப்பிற்கு அஞ்சி முழுச்செலவையும் வீணாக்குவது சிக்கனமாமோ?

ஆகவே, வண்டியுடையோர் பட்டறையிற் பேரம் பேசுமுன் ஒன்று கேட்டல் வேண்டும்: “24 அளவுகளையும் ஒரு தாளில் எழுதித் தருக.” நல்ல மெக்கானிக் அதற்கு முகஞ்சுளியார், தம் தொழிலின் நேர்மைக்கு அத்தாளே சான்றெனக் கொள்வார். அளவாத செலவு எத்துணைச் சிறிதாயினும் வீண்செலவே. அளந்து செய்த செலவு சற்றுப் பெரிதாயினும் அதுவே மெய்யான சிக்கனம் என்க.