பூட்டிய செல்போன்: சாவி யாரிடம்?

ஒருவர் கடையில் பெட்டி வாங்குகிறார். முழு விலையும் கொடுத்துவிட்டார். ஆனால் சாவியைத் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். இதை யாராவது ஒப்புவார்களா?

செல்போன் விஷயத்தில் பல நாடுகளில் இப்படித்தான் நடந்தது. சில நாடுகளில் இன்னும் நடக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

சிம் கார்டுக்குள் ஓர் எண் உண்டு. அதன் முதல் இலக்கங்கள் நாட்டையும் டெலிபோன் கம்பெனியையும் காட்டும். பூட்டிய போன் அவற்றைப் படித்துப் பார்க்கும். தன் கம்பெனி சிம் என்றால் பேச விடும். வேறு கம்பெனி சிம் என்றால் மறுத்துவிடும். போனில் பழுது எதுவும் இல்லை. வேலை செய்யாதபடி கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனிகள் சொல்லும் காரணம்

போனின் விலை அதிகம். கம்பெனி தன் பணத்தைப் போட்டு, போனைக் குறைந்த விலைக்குத் தருகிறது. பிறகு மாதக் கட்டணத்தில் சிறிது சிறிதாக வசூல் செய்கிறது. வாங்கியவர் மறுநாளே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நஷ்டம். அதற்குத்தான் பூட்டு என்கிறார்கள்.

இந்தியாவில் 2017-ல் ஜியோ போன் வந்தது. முன்பணம் 1,500 ரூபாய். ஜியோ சிம் மட்டுமே அதில் வேலை செய்யும். ஏழைக் குடும்பங்களுக்கும் போன் எட்டியது என்பதை மறுக்க முடியாது.

இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், கடன் தீர்ந்த பிறகும் பூட்டு எதற்கு?

அமெரிக்காவில் நடந்தது

புத்தகத்தையும் சினிமாவையும் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைத் தடுக்க அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் செல்போன் மீதும் பாய்ந்தது. 2013 ஜனவரி 26 முதல், புதிதாக வாங்கிய போனைக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திறப்பது சட்ட விரோதம் என்று ஆயிற்று. சொந்தப் போனைத் திறப்பது குற்றமா என்று மக்கள் கொதித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்டு 1-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். போனைத் திறக்கும் உரிமை மக்களுக்குத் திரும்பியது. ஆனால், பூட்டி விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

கனடா காட்டிய வழி

கனடா ஒரு படி மேலே போயிற்று. 2017 டிசம்பர் 1 முதல் டெலிபோன் கம்பெனிகள் புதிய போனைப் பூட்டில்லாமல்தான் தர வேண்டும். பழைய போனைத் திறக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. 2021 டிசம்பரில் பிரிட்டனும் பூட்டிய போன் விற்பனையைத் தடை செய்தது.

அப்படியானால் கம்பெனி போட்ட பணம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கனடாவில் ஒப்பந்தம் முடியுமுன் விலகுகிறவர், போன் விலையில் உள்ள பாக்கியைக் கட்ட வேண்டும். கடனை வசூலிக்க ஒப்பந்தமே போதும். பூட்டு தேவை இல்லை.

ஏமாறாதீர்கள்!

வெளிநாட்டிலிருந்து வரும் போனைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள், முதலில் தங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். பிறகு பணம் கொடுக்கலாம்.

அடகுக் கடன் தீர்ந்தால் நகை வீட்டுக்கு வந்தாக வேண்டும். போனுக்கும் அதே நியாயம்தான். விலை கொடுத்தவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும்.