கூரையைத் திறக்கும் உரிமை யாருக்கு?

கன்வெர்ட்டிபிள் எனப்படும் திறந்த கூரைக் காரைப் பற்றிப் படித்தவர்களிடையே இரண்டு பேச்சுகளே புழங்குகின்றன. அது சுதந்திரத்தின் உருவம் என்பது விளம்பரப் பேச்சு. அது வெற்று ஆடம்பரம், நுகர்வு வெறி என்பது ஒழுக்கப் பேச்சு. இரண்டும் காரை மட்டுமே பார்க்கின்றன. கார் ஓடும் சாலையைப் பார்ப்பதில்லை. சாலையிலிருந்து இந்தக் கேள்வியைத் தொடங்க விரும்புவோர்க்குத் தென் திருவிதாங்கூரின் அதியன்னூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

முதலில் காரின் நிறைகுறைகளை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மழையில்லாத ஒரு விடியற்காலையில் நெய்யாற்றங்கரையிலிருந்து பூவாறு கடற்கரை நோக்கிக் கூரையின்றிச் செல்வது இன்பமே. தென்னை நிழலும் கடற்காற்றும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் காட்சியாக இல்லாமல் உடலில் படும் அனுபவமாகின்றன. இதை மறுப்பவர் பொறாமையை விமரிசனம் என்று எண்ணிக்கொள்பவர்.

ஆனால் இப்பகுதிக்கு மழைக்காலங்கள் இரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. துணிக்கூரையில் ஈரம் தங்கும், பூஞ்சை படரும், விளிம்பு ரப்பர் நைந்து நீர் ஒழுகும். இரு மழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வெயில் தலையைப் பிளக்கும். பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையைத் தொடும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கல் ஏற்றி வரும் லாரிகளின் புழுதி திறந்த இருக்கைகளில் படியும். துணியைக் கிழிக்கத் திருடனுக்கு ஒரு கத்தி போதும். மடித்த கூரை சாமான் வைக்கும் இடத்தை விழுங்கும். கூரை தாங்க வேண்டிய வலுவை அடிப்பாகத்துக்குத் தர வேண்டியிருப்பதால் எடை கூடும், விலையும் கூடும். கணக்குப் பார்த்து எவரும் இதை வாங்க முடியாது.

பின் ஏன் வாங்குகிறார்கள்? காண்பதற்காக மட்டுமன்று, காணப்படுவதற்காக. உற்சவமூர்த்தியும், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரும், குதிரையேறிய மாப்பிள்ளையும் கூரைக்குள் ஒளிந்து செல்வதில்லை. உயர்ந்த இடத்தில் அமர்ந்து ஊரார் பார்க்கப் பொதுவழியில் செல்வது நம் பண்பாட்டில் நெடுங்காலமாக மதிப்பின் மொழி. திறந்த கூரைக் கார் அந்த மொழியின் அண்மைய சொல். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: அந்த மொழியைப் பேச யாருக்கு அனுமதி இருந்தது?

இன்றைய அதியன்னூர் ஒன்றியத்துக்குள் அடங்கும் வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலத்தில், 1893இல் அவர் வில்வண்டி ஒன்றை வாங்கினார். வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, தம் சாதியார்க்கு விலக்கப்பட்டிருந்த சாலையில் ஓட்டிச் சென்றார். வண்டி, உடை, மணியோசை மூன்றும் விலக்கப்பட்டவை. மூன்றையும் ஒருங்கே மீறியதே அவர் செயல். தொடர்ந்து பாலராமபுரத்துச் சாலியத் தெரு உட்படப் பல இடங்களில் தாக்குதலும் எதிர்த்தாக்குதலும் நிகழ்ந்தன. 1900 அளவில் கோயில்களுக்குச் செல்லும் வழிகள் நீங்கலாகப் பெரும்பாலான சாலைகள் புலையர்க்குத் திறந்தன. எஞ்சிய வழிகளுக்காக 1924இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. அங்கே பெரியார் சிறை சென்றதைத் தமிழர் அறிவர்.

பணக்காரரின் விளையாட்டுப் பொருளை விடுதலைப் போரின் வண்டியோடு ஒப்பிடுவது இழிவு எனச் சிலர் சினக்கலாம். இங்கே சொல்லப்படுவது ஒப்புமையன்று, வேறுபாடு. அய்யன்காளி வண்டியை வாங்கியது சாலையைத் திறப்பதற்காக. இன்றைய உரிமையாளர் சாலை முன்பே தமக்குத் திறந்திருக்கிறது என்ற உறுதியில் கூரையைத் திறக்கிறார். விளம்பரம் சுதந்திரம் என்று விற்பது இந்த உறுதியைத்தான். அதைக் கார் நிறுவனம் தயாரிக்கவில்லை. சாலையில் அடிபட்டவர்கள் தயாரித்தார்கள்.

அந்த உறுதி இன்றும் எல்லார்க்கும் கிட்டிவிடவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினரின் செயல் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. வில்வண்டிக்குப் பிறகு 130 ஆண்டுகள் கடந்தும், ஓர் இளைஞர் எந்த வாகனத்தில் எப்படிக் காணப்படலாம் என்பதை அடுத்த தெரு தீர்மானிக்க முனைகிறது. இரவில் கூரையைத் திறந்து தனியே காரோட்டும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம்.

சட்டத்திலும் ஒரு வகுப்புக் கோடு தெரிகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குப் பொருளுரைத்தது. இதில் நியாயம் உண்டு; பெரும்பாலான கார்களில் கூரை உடற்கட்டின் வலுவில் ஒரு பங்கு, அதை வெட்டினால் உயிருக்கு ஆபத்து. ஆயினும் விளைவைக் கவனிக்க வேண்டும். ஆலையிலிருந்தே திறந்த கூரையோடு வரும் விலையுயர்ந்த கார் சட்டப்படியானது. உள்ளூர்ப் பட்டறையில் கூரை நீக்கிய பழைய கார் குற்றம். அதே வேளையில் சரக்கு வண்டியின் பின்புறத்தில் நின்றபடி வேலைக்குச் செல்லும் தொழிலாளருக்கும் தலைக்கு மேல் கூரையில்லை. அதுவும் சட்டவிரோதமே, ஆனால் அது வழக்கமாகிவிட்டதால் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. கூரையின்மை ஒருவர் விலை கொடுத்து வாங்கும் இன்பம்; மற்றவர்க்கு வேறு வழியில்லாத நிலை.

எனவே ஆடம்பரம் என்ற ஒற்றைச் சொல்லால் இதைக் கடந்துபோகும் ஆய்வாளர்கள் தம் சொல்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பரம்பரைச் செல்வரின் பழைய திறந்த கார் அவர்கள் எழுத்தில் 'மரபு' ஆகிறது. வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவரோ முதல் தலைமுறைத் தலித் அலுவலரோ அதையே வாங்கினால் 'பகட்டு' ஆகிறது. பொருள் ஒன்றே, மாறுவது இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பிறப்பு. 1893இல் வெங்ஙானூரின் மேல்சாதியார் வில்வண்டியைப் பார்த்துக் கொண்ட எரிச்சலும் இந்த இலக்கணத்தில் அமைந்ததே.

திறந்த கூரைக் காரின் மழைக் குறைக்குத் தார்ப்பாய் உண்டு, வெயிலுக்குத் தொப்பி உண்டு, புழுதிக்கு வேறு சாலை உண்டு. அதன் உண்மையான குறை ஒன்றே: அதில் அச்சமின்றி அமர எல்லாராலும் இன்னும் இயலவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய இடம் பட்டறையன்று, சாலை.