நம்ம சாவி பழைய இரும்பு இல்லை

ரெண்டு தேதி சொல்றேன். ஒன்று, 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இந்த நாளைத்தான் எல்லைக்கோடாகப் போட்டிருக்கு. அதற்கு முந்தின நாணயம், நகை, ஆயுதம், கருவி, உலோக வேலைப்பாடு எல்லாம் தொல்பொருள். பிந்தினது அந்த வரையறைக்குள் வராது.

மற்றது, 1823. நம்ம ஆளுங்க இந்த மலைக்கு வந்த வருஷம் என்று நாம கணக்கு வைத்திருக்கிற வருஷம். அதை வைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து 200 வருஷத்தை அனுசரித்தோம்.

கழித்துப் பாருங்க. எட்டு வருஷம். நாம வந்து சேர எட்டு வருஷம் முந்தியே சட்டத்தின் கதவு சாத்தியாச்சு. நம்ம பாட்டன் பாட்டி இந்த மண்ணில் கையில் எடுத்த முதல் மண்வெட்டி தொடங்கி, நேற்று உடைத்த லயத்தின் கடைசிப் பூட்டு வரைக்கும், ஒரு சாமான்கூட அந்தச் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகாது.

நியாயமாகவே சொல்றேன்: 1815க்குப் பிந்தின கட்டடங்களை வர்த்தமானியில் போட்டுப் பாதுகாக்க வழி இருக்கு, வெள்ளைக்காரன் கட்டின எத்தனையோ கட்டடத்துக்கு அது நடந்தும் இருக்கு. பழைய சாமான்களை நாடு கடத்துவதைத் தடுக்க 1988இன் கலாசார ஆதனங்கள் சட்டமும் இருக்கு. ஆனா ஒரு லயக் காம்பிராவின் சாவியை யார் வர்த்தமானியில் போடப் போறாங்க? அது போற இடம் பழைய இரும்பு வாங்குற லொறி. கிலோ கணக்கு.

"சாவி எல்லாம் ஒரு வரலாறா?" என்று கேட்கிறவங்களுக்கு முதலில் பதில் சொல்லிடுவோம்.

இங்கிலாந்தில் மத்தியகாலச் சாவிகள் மண்ணிலிருந்தும் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்தும் கிடைத்துக்கொண்டே இருக்கு. ராஜா வீட்டுச் சாவி மட்டும் இல்லை. சாதாரண ஆளின் வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, கடைச் சாவி. 1940இல், நம்ம நாட்டில் மேலே சொன்ன சட்டம் வந்த அதே வருஷம், லண்டன் நூதனசாலை தன் மத்தியகாலப் பட்டியலை அச்சிட்டது. அதில் சாவிகளை வகை வகையாகப் பிரித்து, படம் போட்டு வைத்திருக்காங்க. 1997இலிருந்து அங்கே ஒரு திட்டம் நடக்கு: வயலில் நடக்கிற சாதாரண ஆள் எடுத்த சாமானைக் கொண்டுபோய்க் காட்டினால், அளந்து, படம் பிடித்து, எந்த இடம் என்று எழுதி, எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டுடுவாங்க. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாமான்கள் அதில் ஏறியாச்சு.

ஏன் இந்த மெனக்கெடல்? சாவி நிறையப் பேசும். சாவியின் பல்லை வெட்டுவதே பூட்டுக்குள் இருக்கிற தடுப்புகளுக்கு இடம் விட்டுத்தான். அதனால் பூட்டு தொலைந்து போனாலும், பூட்டின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று சாவியைப் பார்த்தே சொல்லலாம். நீளத்தைப் பார்த்தால் பெரிய கதவா, சின்னப் பெட்டியா என்று ஊகிக்கலாம். தேய்மானம் எத்தனை கை பட்டது என்று சொல்லும். சொல்லாதது ஒன்றுதான்: தன் வயசு. ஒரே வடிவத்தை நூற்றாண்டுக் கணக்கில் செய்துகொண்டே இருந்ததால், எந்த மண் அடுக்கில், எந்த வீட்டில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால்தான் காலம் பிடிபடும். இடம் தெரியாத சாவி பாதி ஊமை.

நம்ம நாட்டிலும் சாவிக்கு மரியாதை கிடைத்திருக்கு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிள்ளை. மண்ணையும் கல்லையும் ஆய்வு செய்கிற அரசாங்க வேலையில் மலைநாடெல்லாம் சுற்றினவர். 1908இல் அவர் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் கண்டி காலத்துக் கொல்லர்களின் பூட்டும் சாவியும் கோயில் சிற்பத்தோடு சரிக்குச் சமமாக வருது. இரும்பில் பித்தளை பதித்த சாவி ஒரு கலைப்பொருள் என்று உலகத்துக்குக் காட்டினவர்களில் அவர் முக்கியமானவர். நல்ல விஷயம். அந்தச் சாவிகளுக்கு இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை.

என் சண்டை வேற. அழகாக இருந்தால்தான் சாவி வரலாறு ஆகுமா? ராசாவுக்கும் விகாரைக்கும் இருந்தால்தான் ஆகுமா?

ஒரு தோட்டத்தில் சாவி யார் கையில் இருந்தது என்று மட்டும் எழுதிப் பாருங்க, தோட்டத்தின் வரலாறே வந்துடும். அரிசி ஸ்டோர் சாவி யாரிடம்? சம்பளத்தில் கழித்துக்கொண்டு அரிசி அளந்த காலத்தில், அந்தச் சாவி வைத்திருந்தவன்தான் அடுப்பு எரியுமா எரியாதா என்று தீர்மானித்தான். பெக்டரி சாவி, மருந்துக் காம்பிரா சாவி, பிள்ளைக்காம்பிரா சாவி, கொழுந்து மடுவத்துச் சாவி. ஒவ்வொன்றும் ஒரு அதிகாரம். கடைசியில் வருது, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவின் ஆமைப்பூட்டும் அதன் சாவியும். அந்தச் சாவிதான் நம்மளிடம் இருந்தது. சாவி இருந்தது, காணி உறுதி இல்லை. இன்றைக்கும் பல பேருக்கு இல்லை. வீட்டைப் பூட்டலாம், ஆனா வீடு உன்னுடையது இல்லை. இதைவிடச் சுருக்கமாக 200 வருஷத்தை எந்த ஆவணம் சொல்லும்?

1948இல் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பலஸ்தீனக் குடும்பங்கள், கதவே இல்லாமல் போன வீட்டின் சாவியைப் பரம்பரையாக வைத்திருக்காங்க. அவங்களுக்கு அது சாட்சி. அதே 1948இல்தான் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவங்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலை எண்ணிப் பிரித்தது. பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்தும் பெட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறினாங்க. அவங்க கடைசியாகப் பூட்டின பூட்டு எங்கே? ஒரு ஆளுக்கும் தெரியாது. நாம சாட்சியை வைத்துக்கொள்ளப் பழகவில்லை.

சரி, இது பழைய சட்டத்தின் கோளாறு மட்டும்தானா? இந்தியாவின் 1972 சட்டத்தைப் பாருங்க. வரலாற்று முக்கியத்துவம் உள்ள ஒரு சாமான் 100 வருஷம் கடந்துவிட்டால் அங்கே தொல்பொருள் ஆகலாம். கோடு ஒரே இடத்தில் நிற்காமல் வருஷா வருஷம் நகருது. திருச்சியிலோ சேலத்திலோ தங்கிவிட்ட அண்ணனின் பெட்டிச் சாவி 100 வயசில் தொல்பொருள் ஆகலாம். கப்பல் ஏறி மலைக்கு வந்த தம்பியின் சாவி 200 வயசானாலும் ஆகாது. ஒரே கொல்லன் அடித்த சாவியாகவே இருக்கட்டும், கடல் தாண்டினதும் பழைய இரும்பு. இதுக்குப் பேர் என்ன?

இன்னொரு ஆபத்து இருக்கு, அது சட்டத்தைவிட வேகமானது. நம்ம மண். தேயிலை புளிப்பு மண்ணில்தான் வளரும். அதோடு மலை மழை, வருஷக்கணக்கில் கொட்டின உரம். இந்த மண்ணுக்குள் விழுந்த மெல்லிய இரும்பு சீக்கிரமே துருவாகக் கரைந்துபோகும். தேம்ஸ் சேறு காற்றுப் புகாமல் சாவியை 700 வருஷம் காத்த மாதிரி நமுனுகுல மலை காக்காது. "பின்னால் யாராவது தோண்டி எடுப்பாங்க" என்று நாம இருக்க முடியாது. மண்ணுக்கு மேலே இருக்கும்போதே எடுத்து எழுதினால்தான் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, ஆட்களோடு ஒரு சமூகத்தின் சட்டி பானை, சாவி, சாமிப்படம் எல்லாமும் போச்சு. அங்கே எந்தக் காம்பிராவில் என்ன இருந்தது என்று யார் எழுதி வைத்திருந்தது?

இப்ப நம்ம பக்கம் திரும்புவோம். கீழடி அறிக்கை வந்தபோது நம்ம பசங்க போட்ட ஸ்டேட்டஸ் எத்தனை! 2025 ஜனவரியில், தமிழ்நாட்டு இரும்பின் வயசு 5,300 வருஷத்துக்கும் மேல் என்று அறிவித்தபோது எத்தனை ஷெயார்! பெருமைப்படுங்க, தப்பில்லை. ஆனா தமிழன் இரும்பு கண்டவன் என்று போனில் தட்டுகிற அதே வீட்டின் பின்பக்கம், பாட்டியின் கவ்வாத்துக் கத்தியும் தாத்தாவின் ஆமைப்பூட்டும் லொறிக்காரனின் தராசில் ஏறுது. 5,000 வருஷத்து இரும்புக்கு மார்தட்டுகிறவன் 100 வருஷத்து இரும்பை விற்கிறான். தூரத்துப் பெருமை இனிக்குது, பக்கத்து வரலாறு வெட்கமாக இருக்கு. அதுதான் உண்மை. கூலி வரலாறு நமக்கே கௌரவக் குறைச்சலாகத் தெரியுது.

நம்ம பழைய உலோகத்துக்கு மதிப்பு தெரிந்தவங்க வேற இடத்தில் இருக்காங்க. கோப்பித் தோட்டங்கள் வெளியிட்ட செம்பு, பித்தளை டோக்கன்களை நாணயம் சேர்க்கிறவங்க நல்ல விலைக்கு வாங்குறாங்க. 19ஆம் நூற்றாண்டிலேயே அதுக்குப் பட்டியல் அச்சாச்சு. தொரை பங்களாக்கள் ஹோட்டலாகி, பழைய பூட்டும் சாவியும் அலங்காரமாகத் தொங்குது. கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கு. அங்கே இயந்திரங்களுக்கும் ஜேம்ஸ் டெய்லருக்கும் இடம் இருக்கு. தொழிலாளியின் சாமானுக்கு என்று கம்பளை பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பிராவிலேயே ஒரு நூதனசாலை உண்டு. அரசாங்கம் கட்டினது இல்லை, நம்ம ஆளுங்க முயற்சி. ஊவாவுக்கும் அப்படி ஒன்று வேணும்.

"ஜனங்களுக்கு வீடே இல்லை, நீ லயத்தைப் பாதுகாக்கச் சொல்றியா?" என்று சிலர் பாய்வாங்க. இல்லைங்க. லயத்தை இடிங்க. நாளைக்கே இடிங்க. ஒழுகுற கூரையைச் சுற்றுலாக்காரனுக்குக் காட்சியாக்க நான் எழுதவில்லை. இடிக்கிறதுக்கு முந்தி ஒரு நாள் தாங்க என்றுதான் கேட்கிறேன். கதவை, பூட்டை, சாவியை, நிலையில் கீறின கணக்கைப் படம் பிடிக்க ஒரு நாள்.

எப்படிச் செய்வது? சாவியை ஒரு வெள்ளைத் தாளில் வைங்க, பக்கத்தில் அடிமட்டம். ரெண்டு பக்கமும் படம் எடுங்க. நிறுங்க. இரும்பா பித்தளையா என்று எழுதுங்க. பூட்டில் முத்திரை எழுத்து இருந்தால் அதை அப்படியே பார்த்து எழுதுங்க: திண்டுக்கல் பூட்டா, இங்கிலாந்தின் வில்லன்ஹால் பூட்டா என்பது அதில்தான் தெரியும். திண்டுக்கல் என்றால் ஊரோடு உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்ற கேள்வி வரும். வில்லன்ஹால் என்றால் பூட்டு யார் காசில் வந்தது என்ற கேள்வி வரும். தோட்டம், டிவிசன், லயம், காம்பிரா நம்பர் எழுதுங்க. எந்தக் கதவு, யார் கையில் இருந்தது என்று பெரியவங்களிடம் கேட்டு, அவங்க சம்மதத்தோடு பதிவு பண்ணுங்க. துருவைச் சுரண்டாதீங்க, பொலிஷ் போடாதீங்க. எங்கேயும் தோண்டாதீங்க, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம், இடத்தின் சாட்சியும் அதோடு அழிந்துபோகும்.

சட்டம் பக்கம் ஒரே ஒரு கோரிக்கை: 1815 என்ற நிலையான கோட்டை எடுத்துட்டு, 100 வருஷம் என்ற நகரும் கோட்டைப் போடுங்க. அது மலையகத்துக்கு மட்டும் சலுகை இல்லை. சிங்களக் கிராமத்துக் கொல்லன் 1850இல் அடித்த சாவியும், யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் 1880 சாவியும் இன்றைக்கு அதே கோட்டுக்கு வெளியேதான் நிற்குது. நம்ம அரசியல்வாதிங்க மேடையில் 200 வருஷம் என்று முழங்கினது போதும். பாராளுமன்றத்தில் இந்தத் தேதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும்.

அது வரைக்கும் லொறி வரும். வந்தால், தராசில் ஏற்றுவதற்கு முந்தி அந்தச் சாக்கை ஒரு தரம் கொட்டிப் பாருங்க. சாவி இருந்தால் எடுத்து வைங்க. விற்றால் ஒரு டீக்குக்கூட அந்தக் காசு காணாது.