ஐகான் மறைந்தால் வேலை முடிந்ததா?

புது லேப்டாப் சர்வீஸ் மேசைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, கம்பெனியே போட்டு அனுப்பிய வேண்டாத மென்பொருள்களைக் கழிப்பதுதான். ட்ரையல் ஆன்டிவைரஸ், விளையாட்டுகள், ஷாப்பிங் செயலிகள் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்கிறோம். அவசரமென்றால் இணையத்தில் கிடைத்த டீப்ளோட் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுகிறோம். ஸ்டார்ட் மெனு சுத்தமாகத் தெரிந்ததும் பில் போட்டுவிடுகிறோம். நீக்கியது உண்மையிலேயே நீங்கியதா என்று பார்க்கும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் வேரூன்றவில்லை.

லெனோவோ தன் லேப்டாப்களில் போட்டு அனுப்பிய சூப்பர்ஃபிஷ் மென்பொருளின் விவகாரம் 2015 பிப்ரவரியில் வெடித்தது. தேடல் பக்கங்களில் விளம்பரம் நுழைக்க வந்த அந்த மென்பொருள், பாதுகாப்பான இணைப்புகளையும் இடைமறிப்பதற்காக விண்டோஸில் தன் சொந்த ரூட் சான்றிதழைப் பதித்திருந்தது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே பிரைவேட் கீ. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதன் பாஸ்வேர்டை உடைத்து வெளியிட்டார். அதை வைத்து, பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வங்கித் தளம்போல நடித்தாலும் பிரௌசர் எச்சரிக்காது. நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த விஷயம். கன்ட்ரோல் பேனலில் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சான்றிதழ் அங்கேயே இருந்தது. விளம்பரம் நின்றது, ஓட்டை அடைபடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளில் ‘ஈடெல்ரூட்’ என்ற ரூட் சான்றிதழ் சிக்கியது. அந்தச் சான்றிதழைக் கையால் அழித்தாலும், டெல்லின் சேவை மென்பொருளில் இருந்த ஒரு டிஎல்எல் கோப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. முதலில் சேவையை நிறுத்தி, அந்தக் கோப்பை அழித்து, பிறகுதான் சான்றிதழில் கைவைக்க வேண்டியிருந்தது. லெனோவோவின் இன்னொரு மென்பொருளோ பயாஸுக்குள்ளேயே இருந்தது. விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் திரும்ப வந்தது. ஃபார்மேட் அடித்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கைக்கு இது போதுமான பதில்.

இவை பழைய கதைகள் என்று தள்ள வேண்டாம். இன்றைய விண்டோஸ் 10, 11-இல் ஸ்டோர் செயலிகள் இரண்டு இடங்களில் பதிவாகின்றன: பயனரின் கணக்கில் ஒன்று, இமேஜில் ப்ரொவிஷன் செய்யப்பட்டதாக இன்னொன்று. பயனர் கணக்கில் மட்டும் நீக்கினால், அடுத்து உருவாக்கும் புதுக் கணக்கில் முதல் லாகினிலேயே செயலி வந்து உட்காரும். இமேஜில் மட்டும் நீக்கிவிட்டுப் பயனர் கணக்கில் விட்டுவைத்தால் சிஸ்ப்ரெப் நின்றுவிடும். அதன் பாந்தர் ஃபோல்டரில் உள்ள செட்அப்ஆக்ட் லாகைத் திறந்தால், ஒரு பயனருக்கு நிறுவப்பட்டிருக்கிறது, எல்லாப் பயனருக்கும் ப்ரொவிஷன் ஆகவில்லை என்று அந்தப் பேக்கேஜின் பெயரோடு எழுதியிருக்கும். லேபுக்கு ஒரே இமேஜ் தயார் செய்பவர்கள் இதை அறிவார்கள். இரண்டு இடத்திலும் நீக்குவதே முறை.

ஸ்கிரிப்டுகள் எல்லாம் மோசமென்று சொல்லவில்லை. நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் இணைய முகவரியிலிருந்து இறக்கி அப்படியே அட்மின் உரிமையில் ஓட்டும் ஒற்றை வரிக் கட்டளையை நான் ஏற்கமாட்டேன். இன்று அங்கே இருக்கும் நிரல் நாளை மாறலாம். சில ஸ்கிரிப்டுகள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரையே பிடுங்கிவிடுகின்றன. பிறகு அதன் வழி அப்டேட் ஆகும் செயலிகள் பழையதாகவே நின்றுவிடும். எட்ஜை வலுக்கட்டாயமாக நீக்கும்போது வெப்வியூவும் சேர்ந்து போனால், அதை நம்பி இயங்கும் செயலிகள் திறக்காது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சட்டம் வந்ததால் 2024 முதல் எட்ஜை முறைப்படியே அன்இன்ஸ்டால் செய்யலாம். காசு கொடுத்து வாங்கிய நம் கஸ்டமருக்கும் அந்த உரிமை வேண்டும். அது கிடைக்கும்வரை எட்ஜை டீஃபால்ட் பிரௌசராக வைக்காமல் மாற்றிக் கொடுப்பதோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கிரிப்டை ஓட்டுமுன் நோட்பேடில் திறந்து முழுவதும் படியுங்கள், ரெஸ்டோர் பாயிண்ட் வையுங்கள். வேலை முடிந்ததும் சோதனைக்கு ஒரு புதுப் பயனர் கணக்கை உருவாக்கி லாகின் செய்து பாருங்கள். சான்றிதழ் மேலாளரில் நம்பகமான ரூட் பட்டியலை ஒருமுறை பாருங்கள்; ஃபயர்பாக்ஸ் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருக்கிறது, அதையும் விடாதீர்கள். எதையெல்லாம் நீக்கினீர்கள் என்று எழுதி, பில்லோடு சேர்த்துக் கஸ்டமர் கையில் கொடுங்கள்.