பாதியில் திரும்பினால் தோல்வியா? தனி சைக்கிள் பயணத்தில் யாரும் பேசாத பக்கம்

அம்பத்தூர் வழியாகப் போகும் பஸ்களில் கண்டக்டர்கள் கூவும் ஸ்டாப் பெயர்களில் ஒன்று 'டி.ஐ. சைக்கிள்'. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டில் பல வீடுகளின் முதல் சைக்கிள் அவர்களுடையதுதான். அப்போது சைக்கிள் என்பது வேலைக்குப் போகிற வண்டி. இப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் பின்விளக்குமாகக் கிளம்புகிறவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. சிலருக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்கு மாற்று. சிலருக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி. இன்னும் சிலருக்கு, கன்னியாகுமரி வரை தனியாகப் போய்வர வேண்டும் என்ற கனவு.

இந்தக் கனவுக்குத் தீனி போடுவதற்கென்றே சோஷியல் மீடியாவில் ஒரு வகைக் கதை நன்றாக ஓடுகிறது. சர்க்கரை, ஆஸ்துமா, டிஸ்க் பிரச்சினை, ஆபரேஷன் என்று ஏதோ ஒன்று வருகிறது. மனுஷன் சைக்கிளை எடுக்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தனியாகப் போகிறார். 'நோயை வென்றார்' என்று தலைப்பு.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாள்பட்ட நோய் அப்படித் தோற்று ஓடிவிடுவதில்லை. கேரியரில் உட்கார்ந்து கூடவே வருகிறது. அதையும் ஏற்றிக்கொண்டு பத்திரமாகப் போய்வர மனவுறுதி மட்டும் போதாது. எங்கே நிறுத்துவது, எப்படித் திரும்புவது என்ற ஏற்பாடு வேண்டும். வைரல் கதைகளில் காணாமல் போவது இதுதான்.

சாதனைக் கதைகளை முழுசாகப் படித்தால்...

புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி 2018 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பியபோது அவருக்கு வயது 19. 14 நாடுகள், சுமார் 29,000 கி.மீ., 159 நாட்கள். பெரும்பகுதி தனியாகவே ஓட்டி, அந்த ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா வந்து சேர்ந்தார். கனடாவில் கரடி துரத்திய கதை பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்பெயினில் கத்தி முனையில் நடந்த வழிப்பறியில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. அது செய்திகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

அவர் பயணத்தை முடித்தது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படிக்கிற இன்னொருவர் 'தலையில அடிபட்டாலும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்' என்று எடுத்துக்கொண்டால் அது விபரீதம். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்த வேண்டும். டாக்டர் பார்த்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதே விளையாட்டு மருத்துவத்தின் அடிப்படை விதி.

இன்னொரு உதாரணம், அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி. நோயாளியான அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக 14 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். அம்மா மறைந்த பிறகு, 1963 ஜனவரியில் சைக்கிளில் இந்தியாவுக்குக் கிளம்பினார். ஆப்கானிஸ்தானில் துப்பாக்கிக் கட்டையால் இடிபட்டு அவருக்கு விலா எலும்புகள் முறிந்தன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அப்போது அவர் சைக்கிளில் இல்லை, பஸ்ஸில் இருந்தார்! ரோடு மோசமான இடங்களில் பஸ்ஸும் லாரியும் ஏறத் தயங்காதவர் அவர். அதனால் அந்தப் பயணத்தின் மதிப்பு யாருக்கும் குறைந்துவிடவில்லை. அந்தக் கோடையில் டெல்லி வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பயணம் செய்து, எழுதி, 2022-ல் 90 வயதில் காலமானார்.

சரி, பிரிட்டனின் மார்க் போமான்ட்? 2017-ல் 79 நாட்களில் உலகைச் சுற்றியவர். ரஷ்யாவில் விழுந்து முழங்கை எலும்பில் முறிவு ஏற்பட்ட பிறகும் ஓட்டினார். ஆனால் அவர் பின்னால் வண்டியில் ஒரு குழுவே போனது. தினமும் உடம்பைப் பார்க்க ஆள் இருந்தது. தனியாகப் போகிறவருக்கு அந்தக் குழுவும் அவரேதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே ரீலில் போடுவது சரியில்லை.

மூளையே ஏமாற்றினால்?

தனியாகப் போவதில் உண்மையான சிக்கல் பஞ்சரோ நாயோ இல்லை. சில உடல்நலப் பிரச்சினைகளில், 'நிறுத்தலாமா' என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே முதலில் தடுமாறுகிறது.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையின் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வு அது. ஆக, சைக்கிள் எடுக்கிறவர்களிலும் கணிசமானோர் சர்க்கரை உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். சைக்கிள் அவர்களுக்கு நல்லது. டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள் மட்டுமே ஓட்டும் தொழில்முறை அணியே உலகில் இருக்கிறது: டீம் நோவோ நார்டிஸ்க்.

ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீண்ட நேரம் மிதித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்ற அறிகுறிகள் எல்லாம் சைக்கிள் ஓட்டினாலே வருகிறவைதான். அதனால் ஏமாந்துபோவது சுலபம். அதற்கும் கீழே இறங்கினால் குழப்பம் வந்துவிடும். அப்போது 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்று தோன்றுவதே ஆபத்து. நாள் முழுக்க ஓட்டியதன் விளைவு அன்று இரவு தூக்கத்திலும் வரலாம். லாட்ஜ் ரூமில் தனியாகப் படுத்திருப்பவரை எழுப்ப யாரும் இருக்க மாட்டார்கள்.

வெயில் பாதிப்பும் அப்படித்தான். முற்றினால் முதலில் தெளிவு போகும். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் இன்னும் சீக்கிரம் குறையும். டெங்குவில் நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு: காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் அபாயக் கட்டமே தொடங்கலாம். 'ஜுரம் விட்டுடுச்சு, நாளைக்குக் கிளம்பிடலாம்' என்பது அங்கே தப்புக் கணக்கு.

எனவே நிறுத்தும் முடிவை ரோட்டில் எடுக்கக் கூடாது. தெளிவாக இருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து, டாக்டரையும் கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும். உதாரணத்துக்கு:

* காய்ச்சல் இருந்தால் கிளம்புவதே இல்லை.
* சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே ஓரம்கட்டி குளுக்கோஸ்; 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. ஒரே நாளில் இரண்டாவது முறை இறங்கினால் அன்றைய ஓட்டம் முடிந்தது.
* தலையில் அடிபட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.
* நெஞ்சில் பாரம், மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு என்றால் யோசனையே வேண்டாம், 108.
* சொன்ன நேரத்துக்குள் மெசேஜ் வரவில்லை என்றால் யார் கூப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது.

கடைசி விஷயம் முக்கியம். 'உடம்பு முடியாதவன் எதுக்குப்பா தனியாப் போகணும்?' என்று கேட்கிற அம்மாவுக்கு, 'ஒண்ணும் ஆகாதும்மா' என்பது பதில் ஆகாது. இந்தப் பட்டியல்தான் பதில்.

200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம்

நிறுத்துவதை அவமானமாகப் பார்க்காத ஒரு வழக்கம் சைக்கிள் உலகிலேயே இருக்கிறது. 'பிரெவே' எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் என்று கெடு மட்டும்தான் உண்டு. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. பின்னாலேயே வண்டி வந்து உதவாது. அவரவர் பாடு அவரவருக்கு. முடியாதவர் ஏற்பாட்டாளருக்குச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். 'டி.என்.எஃப்.' என்று பதிவாகும். அடுத்த முறை மறுபடி வருவார். அந்த மூன்றெழுத்தைத் தோல்வி என்று நினைக்காத மனநிலை தனிப் பயணிக்கும் வேண்டும்.

மேற்குச் சென்னைக்கு இருக்கும் வசதி

இந்த இடத்தில் அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருவள்ளூர் போகும் ரோட்டை ஒட்டியே சென்ட்ரல்–அரக்கோணம் மின்சார ரயில் பாதை போகிறது. அம்பத்தூரைத் தாண்டினால் திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்று சில கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். ஆவடியிலிருந்து அரக்கோணம் சுமார் 50 கி.மீ.தான். உடம்பு முடியாமல் போனால், வண்டி ஸ்டாண்ட் இருக்கும் ஸ்டேஷனாகப் பார்த்து சைக்கிளைப் பூட்டிவிட்டு, ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆபரேஷனோ நீண்ட காய்ச்சலோ முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தனியாக ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல பாதை கிடைப்பது கஷ்டம்.

பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. நெடுஞ்சாலை அகலமாக இருக்கிறது; கூடவே கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் பறக்கின்றன. பக்கத்தில் ரயில் பாதை கிடையாது. பஸ் உண்டு, ஆனால் அதில் சைக்கிளோடு ஏறுவது கண்டக்டரின் மனசைப் பொறுத்தது. இரண்டும் மேப்பில் ஒரே தூரமாகத் தெரியலாம். உடல்நலப் பிரச்சினை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

அரசும் ரயில்வேயும் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்குபவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும். உயிர் காக்கும் நல்ல திட்டம். ஆனால் அது விபத்துக்கு. விபத்து நடப்பதற்கு முன்பே, உடம்பு தளர்ந்தவர் ரோட்டை விட்டு விலக வழி இருக்க வேண்டும் அல்லவா?

கோபன்ஹேகனின் 'எஸ்-டோக்' புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளை இலவசமாக ஏற்றலாம். இங்கே அலுவலக நேர நெரிசலில் அது நடக்காது, புரிகிறது. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஒரு பெட்டியில் நாலு சைக்கிள் நிற்க இடம் ஒதுக்கினால்கூடப் போதும். பெரிய செலவில்லை. வேலைக்கு சைக்கிளில் வரும் எஸ்டேட் தொழிலாளிக்கும் அது உதவும்.

'இப்படிக் கணக்குப் பார்த்தா யாருமே கிளம்ப மாட்டாங்க' என்று சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. 'முழுசா முடிக்கணும், இல்லைன்னா வேஸ்ட்' என்ற எண்ணம்தான் உடல்நலக் குறைவு உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. திருவள்ளூர் வரை போய், முடியவில்லை என்றால் ரயிலில் வந்துவிடலாம் என்று தெரிந்தால் இன்னும் நிறைய பேர் கிளம்புவார்கள். பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் இந்த நோய்களுக்கு நல்லதில்லையே.

அடுத்த முறை யாராவது நெடும்பயணம் முடித்து வந்தால், 'எத்தனை கிலோமீட்டர்?' என்பதோடு 'எத்தனை நாள் நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க?' என்றும் கேட்கலாம். போஸ்ட் போடுகிறவர்களும் அந்த நாட்களை மறைக்காமல் எழுதலாம். அதே நோயோடு கிளம்பத் தயங்கி நிற்கும் இன்னொருவருக்கு மேடு ஏறிய படத்தைவிட அந்தத் தகவல்தான் அதிகம் பயன்படும்.