ஊமை எழுத்துக்கும் உறவு உண்டு

‘சைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்கும்போது, “இதில் ‘ஜி’ சைலண்ட்” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவதே பல வகுப்பறைகளின் வழக்கம். பிள்ளைகளுக்கு அந்த எழுத்து, காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் சுமையாகிவிடுகிறது. பக்கத்திலேயே ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ என்ற சொற்களையும் எழுதினால், ஊமையாக இருந்த ‘ஜி’ வாய் திறக்கிறது. மூன்றும் அடையாளத்தைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘மசில்’ சொல்லில் ஒலிக்காத ‘சி’, தசை சார்ந்த என்று பொருள்படும் ‘மஸ்குலர்’ சொல்லில் ஒலிக்கிறது. ‘கண்டெம்’ சொல்லின் கடைசி ‘என்’, ‘கண்டெம்னேஷன்’ என்னும்போது கேட்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியை மட்டும் காட்டுவதில்லை. சொற்களுக்கு இடையிலான உறவையும் காக்கிறது. எனவே, அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கற்பிப்பதே சரி.

உச்சரிப்புக்கும் இது உதவும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். படம் எடுப்பவரைக் குறிக்கும் ‘ஃபொட்டாகிராஃபர்’ சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ சொல்லில் மூன்றாம் அசைக்கும் நகர்கிறது. அழுத்தம் நகரும்போது உயிரொலிகளும் மாறுகின்றன. தமிழில் இப்படி அழுத்தம் இடம்மாறிச் சொல்லின் வகையைக் காட்டுவதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே சீராக உச்சரிக்கிறார்கள். மூன்று சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பழகினால் வேறுபாடு காதில் பதியும்.

ஒலிக்கிறபடியே எழுதிவிட்டால் சிக்கல் தீருமே என்று சிலர் கேட்கலாம். அப்படி எழுதினால் ‘சைன்’ ஓரிடத்திலும் ‘சிக்னேச்சர்’ வேறிடத்திலும் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரிந்த உறவு அறுந்துபோகும். ‘கல்’, ‘சங்கு’ இரண்டிலும் ககரத்தின் ஒலி வேறு. அதற்காக நாம் தனித்தனி எழுத்துக் கேட்பதில்லை. எல்லா ஊமை எழுத்துக்கும் உறவு இல்லை என்ற மறுப்பில் உண்மை உண்டு. ‘ஐலண்ட்’ சொல்லில் உள்ள ‘எஸ்’, ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டதால் நுழைந்தது. உறவுச் சொற்களின் பொருளும் எப்போதும் ஒன்றல்ல: ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமானது. இந்த விலக்குகளையும் வேறுபாடுகளையும் சொல்லித்தர வேண்டும். அவற்றைக் காட்டிக் குடும்பங்களையே மறைப்பது நியாயமாகாது. அடுத்த முறை கரும்பலகையில் ‘சைன்’ என்று எழுதும் ஆசிரியர், அதன் கீழே ‘சிக்னேச்சர்’ என்றும் எழுதட்டும்.