1981இல் காலாவதியான சிலப்பதிகாரம்

உ.வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட சிலப்பதிகாரப் பதிப்பின் ஒளிவருடிய பக்கங்களை ஒரு மின்னூலகத்தில் அண்மையில் படித்தேன். நூலகத்தின் பெயர் வேண்டாம். அது தனித்த குற்றவாளி அன்று. பக்கத்தோடு வழங்கி அனுப்பும், ஹெடர் எனப்படும் குறிப்புகளை உலாவியில் திறந்து பார்த்தால் அங்கே ஒரு தேதி: காலாவதி, 19 நவம்பர் 1981, கிரீனிச் நேரம் காலை 8.52.

இத்தேதியைத் தமிழறிஞர் எவரும் முடிவு செய்யவில்லை. பி.எச்.பி. மொழியில் பயனர் அமர்வு ஒன்றைத் தொடங்கினால், மாற்றிச் சொல்லாதவரை அம்மொழி தானாகவே ஒட்டும் தேதி அது. கூடவே 'நோ-ஸ்டோர்' என்றும் ஒட்டும். எங்கும் சேமித்து வைக்காதே என்பது பொருள். விளைவு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுத்து மாறாத பக்கத்தை, மீன்சுருட்டியில் கைபேசியின் அன்றாடத் தரவு அளவை எண்ணிச் செலவிடும் மாணவி, திரும்பப் புரட்டும்போதெல்லாம் புதிதாகத் தரவிறக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது. கொள்ளிடத்து நீர் அணைக்கரையில் மறிக்கப்பட்டு, வடவாற்றின் வழியே வீராணத்தில் தேங்குகிறது. வயலுக்கு நீர் தருவது ஏரி. ஒவ்வொரு மடைக்கும் ஆற்றிடம் போய் நிற்பதில்லை. மூல வழங்கியின் முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸியாக நிறுத்தப்படும் எஞ்சின்எக்ஸ், வார்னிஷ் போன்ற மென்பொருள்கள் அத்தகைய ஏரிகளே. ஆனால் ஆறே 'ஒரு துளியும் தேக்காதே' என்று எழுதி அனுப்பினால் ஏரி என்ன செய்யும்? பக்கந்தோறும் குக்கி ஒன்றை ஒட்டி அனுப்பினாலும் எஞ்சின்எக்ஸ் இயல்பாக அதைச் சேமிக்காது. பிறகு கூட்டம் வந்தால் தளம் விழுகிறது. 'பெரிய வழங்கி வாங்க நிதி வேண்டும்' என்று அறிக்கை வருகிறது.

சேமித்தால் பழைய பிழையே வாசகருக்குப் போகுமே என்பார் உளர். அவர்கள் 'நோ-கேஷ்' என்பதையும் 'நோ-ஸ்டோர்' என்பதையும் ஒன்றெனக் கொண்டவர்கள். முன்னது சேமிப்பைத் தடுப்பதில்லை. பயன்படுத்துமுன் மூலத்திடம் கேட்டுக்கொள் என்கிறது. ஈடேக் என்னும் அடையாளக் குறி பொருந்தினால், மாற்றமில்லை என்று பொருள்படும் 304 என்ற விடை மட்டும் வரும். பக்கம் மறுபடி வராது. வேறு சிலர், ஹெடர்களையே பொருட்படுத்தாதே என்று பிராக்ஸிக்கு ஆணையிடுகிறார்கள். அது இதனினும் கேடு. உள்நுழைந்த ஒருவரின் பக்கம் இன்னொருவருக்குப் போய்ச் சேர அதுவே வழி.

என் வழக்கு இதுதான். இவற்றைத் தொழில்நுட்பரின் தலையில் மட்டும் கட்டுவது தவறு. எது மாறும், எது மாறாது என்பது பதிப்பாசிரியருக்கே தெரியும். ஒளிவருடிய பக்கம் மாறாது, அதற்கு 'மேக்ஸ்-ஏஜ்' 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு, கூடவே 'இம்யூட்டபிள்'. திருத்திய பதிப்பு வந்தால் புதிய முகவரி கொடுத்தால் போதும். மெய்ப்புத் திருத்தம் நடந்துவரும் எழுத்துரை எப்போதாவது மாறும். அதை உலாவி ஒவ்வொரு முறையும் சரிபார்க்கட்டும், பிராக்ஸி மட்டும் 'எஸ்-மேக்ஸேஜ்' வழியே பத்து நிமிடம் வைத்திருக்கட்டும். வாசகரின் சொந்தக் கணக்குப் பக்கத்துக்கே 'பிரைவேட்', 'நோ-ஸ்டோர்' உரியவை. யாவரும் படிக்கும் நூற்பக்கங்களில் அமர்வையே தொடங்க வேண்டியதில்லை.

சோழர் கல்வெட்டுகள் தம் கொடைகளுக்குச் 'சந்திராதித்தவல்' என்று கால எல்லை வகுத்தன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். எது எவ்வளவு காலம் நிற்கும் என்று எழுதிவைப்பது நமக்குப் புதிய வேலை அன்று. அந்த வேலையைச் செய்யாத பதிப்புக் குழு, பாடபேதம் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும், தன் நூலை 1981ஆம் ஆண்டுத் தேதியிட்டே அனுப்பிக்கொண்டிருக்கும்.